யாருக்கு என்று கேட்காமல் கொடுத்த பட்டியல்

1. பட்டியல்

கொரோனாக் காலத்தில் வந்தாறுமூலையில் என் கொமினிகேஷன் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் போட்டோகொப்பிக்கு வரவில்லை. நெட்டில் பார்த்துச் சொல்லுங்கள் என்றுதான் வந்தார்கள். கேட்டவற்றை நேரத்தோடு ஒரு கொப்பியில் எழுதுவது என் பழக்கம். ஒன்பது பத்துக்கு, மஞ்சள் கிடைக்காவிட்டால் வேறு என்ன. ஒன்பதரைக்கு, கொத்தமல்லித் தண்ணீர் நாளைக்கு எத்தனை தரம். பத்துக்கு, சின்னப் பிள்ளைக்குத் தேசிக்காய்ச் சாறு எவ்வளவு.

எவருமே "எனக்கு" என்று கேட்டதில்லை. பக்கத்து வீட்டாருக்கு, தெரிந்த ஒருவருக்கு என்றுதான் கேட்டார்கள். வீட்டில் ஒருவருக்கு வருத்தம், காய்ச்சல் என்ற பேச்சு வெளியே போனால் சுகாதாரப் பரிசோதகர் வந்து வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிடுவார் என்ற பயம். எனக்கும் இருந்தது. மனைவி இருமினால் எழுந்து ஜன்னலைச் சாத்துவேன்.

ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்ததால், ஐந்தாறு தளங்களைப் பார்த்து, "நோய் எதிர்ப்புச் சக்தி தரும் உணவுகள்" என்று ஒரு பக்கப் பட்டியல் தட்டச்சு செய்தேன். செவ்விளநீர், தோடம்பழச் சாறு, முருங்கையிலை, வாழைப்பழம் என்று வரிசை இலக்கம் போட்டு, எழுத்துப்பிழை இல்லாமல். கேட்டவர்களுக்கெல்லாம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

2. மிஸி வாசித்தார்

எங்கள் ஒழுங்கையில் ஒரு தாதி இருக்கிறார். எல்லோருக்கும் அவர் மிஸி. ஊரடங்குப் பாஸைக் கொப்பி எடுக்க வந்தவர், மெஷின் சூடாகும் வரை அந்தத் தாளை வாசித்தார்.

"இத ஆருக்குக் குடுத்தீங்க தம்பி?"

"கேட்ட எல்லாருக்கும்தான் மிஸி. சாப்பாடுதானே."

"கிட்னி வருத்தக்காரர் இதுகளத் திண்டா பொட்டாசியம் கூடி இதயம் நிண்டிரும். அப்படி ஆரும் கேட்டவங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் சித்தாண்டியிலிருந்து சைக்கிளில் வந்த ஒரு பெண் நினைவுக்கு வந்தார். தாளை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்து, தண்ணீர் அளவாகக் குடிக்கச் சொன்ன ஆளுக்கும் இது சரிதானே என்று கேட்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரருக்காம். இளநீரில் என்ன கெடுதி என்று சொல்லி அனுப்பியிருந்தேன். கொப்பியைப் புரட்டினேன். நாலு நாளாகியிருந்தது.

தண்ணீரை அளந்து குடிப்பவர் அநேகமாகக் கிட்னிக்காரர்தான் என்றார் மிஸி. அவர் குரல் மாறியிருந்தது.

கடைக்கு வருபவர்கள் பெயரும் போன் இலக்கமும் எழுத வேண்டும் என்பது அப்போதைய கட்டளை. அந்தப் பெண்ணின் வரியில் "ராணி" என்று இருந்தது. இலக்கத்தில் ஒன்பது எண்கள். ஒன்று குறைவு. தவறி விட்டதல்ல, பயத்தில் விட்டது. ஒவ்வொரு வரியையும் சரிபார்க்கிற நான் அதைக் கவனிக்கவில்லை.

3. மரக்கறி லொறி

அன்று சித்தாண்டிக்குள் போக மரக்கறி லொறிகளுக்குத்தான் அனுமதி இருந்தது. ஏறாவூரிலிருந்து லொறி கொண்டுபோகும், காக்கா என்று எல்லோரும் கூப்பிடும் முஸ்லிம் வியாபாரி ஒருவரை எனக்குத் தெரியும். அவரைப் போனில் அழைத்து, இளநீரும் தோடம்பழமும் வழக்கத்துக்கு மிஞ்சி வாங்கும் வீடு உண்டா என்று கேட்டேன்.

"என்ன தம்பி, நீங்களும் லொறி எடுக்கப் போறீங்களா? எண்ட யாவாரத்தக் கேக்கிறீங்க."

விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. கோயிலுக்குப் பின்னால் ஒரு வீடு, ஆம்பிளை வெளியே தலைகாட்டுவதில்லை, ஒரு நாளைக்கு மூன்று செவ்விளநீர் என்றார். இருபது நிமிடத்தில் அந்த வாசலில் நின்று, ஸ்பீக்கரைப் போட்டு, போனைக் கேற்றுக்கு மேலாகப் பிடித்தார்.

நான் பேசுமுன் அந்தப் பெண்ணே பேசினார்.

"இஞ்ச ஒருத்தருக்கும் வருத்தமில்ல."

"அக்கா, நான் கொமினிகேஷன் கடைக்காரன். நான் தந்த தாள் பிழை. கிட்னி வருத்தமெண்டா அதில உள்ளது ஒண்டும் குடுக்காதீங்க."

கேற் திறக்கும் சத்தம் கேட்டது.

"அவர் கால் தூக்க ஏலாதெண்டு ரெண்டு நாளாப் படுத்துக் கிடக்கார்," என்றார். "ரத்தம் சுத்தம் செய்யவும் கூட்டிப் போகல்ல. ஆஸ்பத்திரியில தொத்திரும், வீட்ட மூடிருவாங்க எண்டு பயந்து ஒருத்தருக்கும் சொல்லல்ல. பெலன் இல்லயாக்கும் எண்டு இளநியக் கூட்டிக் குடுத்தன் தம்பி."

கடையிலேயே நின்றிருந்த மிஸி என் கையிலிருந்த போனை வாங்கி, கடைசியாக எப்போது சிறுநீர் போனது, மூச்சு எப்படி என்று கேட்டார். பிறகு தன் போனில் அம்புலன்சை அழைத்தார்.

4. மிச்சம்

அன்று பின்னேரம் தொடங்கி, கொப்பியில் இருந்த மற்ற இலக்கங்களுக்கு ஒவ்வொன்றாக அழைத்தேன். பல இலக்கங்கள் பொய். சில வேறு யாருடையவோ.

மூன்றாம் நாள் அந்தப் பெண் அழைத்தார். ஆள் கண் திறந்து பேசுகிறார் என்றார். வீட்டுக்கு வந்ததும் என்ன கொடுக்கலாம், நெட்டில் பார்த்துச் சொல்லுங்கள் என்றும் கேட்டார். பார்க்க மாட்டேன், கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்குங்கள் என்றேன்.

"அப்ப என்னத்துக்குக் கடையத் திறந்து வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அப்படிக் கேட்க அவருக்கு உரிமை இருந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எதைக் கேட்டாலும் நெட் பதில் தரும். தின்னப்போவது யார், அவருக்கு என்ன வருத்தம், என்ன மருந்து குடிக்கிறார் என்று அது கேட்காது. கீபோர்டில் கை வைக்கும் முன் நீங்கள் கேளுங்கள். கோபித்துக்கொண்டு போனால் போகட்டும்.

நான் முப்பத்தொரு பிரிண்ட் கொடுத்திருந்தேன். பத்தொன்பது வீடுகளைப் பிடித்தேன். மற்றப் பன்னிரண்டும் யார் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கின்றன என்று எனக்கு இன்றும் தெரியாது.