தாணம்மை அக்கா எழுதிய இரண்டு புத்தகங்கள்

சென்ற வியாழக்கிழமை காலை திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் அலுவலக வாசலில் நின்றிருந்தபோது பகவதி போனில் கூப்பிட்டாள். "அக்கா, அம்மா போயிட்டா. ஆஸ்பத்திரியில தூக்கத்துலயே போயிட்டா. தம்பி அழுதுக்கிட்டே இருக்கான், ஒண்ணும் குடிக்கல. நீங்க வாங்க." சொல்ல வேண்டியதைச் சொன்னதும் வைத்துவிட்டாள். ஆட்டோவில் கரமனையிலுள்ள அவர்கள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன். அழுகைக்கு நடுவே மனசு லேசானதையும் மறைக்க விரும்பவில்லை. தாணம்மை அக்கா இருபத்தைந்து வருடங்களாகப் பயந்து கொண்டிருந்த செய்தி அது. அதை எனக்குச் சொன்னவள் பகவதியேதான்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாஞ்சில் நாட்டிலிருந்து திருமணமாகித் திருவனந்தபுரம் வந்தவர். சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கராக இருந்தார். கணவர் சீக்கிரமே போய்விட்டார். மூத்தவள் பகவதி, டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். இளையவன் சுப்பு. நான் திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்து, அவர்கள் வீட்டு மாடியில் குடியேறினேன்.

முதல் புத்தகம் பிறந்தது ஒரு பிறந்தநாள் விருந்தில். பக்கத்து வீட்டுச் சிறுமி பகவதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தச் சேச்சிக்கு என்ன?" என்று கேட்டாள். அவள் தாய் வெட்கப்பட்டு வாயைப் பொத்தினார். அக்கா தடுத்தார்.

"கேக்கட்டும், விடுங்க. வாயைப் பொத்தினா பிள்ளைக்குப் பயம்தான் வரும்." பிறகு குழந்தையிடம் திரும்பினார். "நம்ம எப்படி இருக்கணும்னு உடம்புக்குள்ள ஒரு குறிப்பு உண்டு மக்கா. அந்தக் குறிப்புல இவளுக்கு ஒரு துண்டு கூடுதல். அதனால எல்லாம் படிக்க இவளுக்குக் கொஞ்சம் நேரமாகும். அவ்வளவுதான்."

சிறுமி, "அப்ப ஊஞ்சலாட வருவாளா?" என்று கேட்டாள். பகவதி அதற்குள் ஊஞ்சலில் ஏறியிருந்தாள்.

மறுநாளே அக்கா எழுத உட்கார்ந்தார். படம் போடும் வேலை எனக்கு. நான் முதலில் போட்ட படங்களில் பகவதி பூக்களுக்கு நடுவே புன்னகைத்துக்கொண்டிருந்தாள். அக்கா தள்ளி வைத்தார். "இவ என்ன தேவதையா? நேத்து என் சீப்பை ஒளிச்சு வச்சுக்கிட்டு பொய் சொன்னா, கேட்டியா. அதைப் போடு." போட்டேன். குழந்தைகள் இன்றும் விழுந்து சிரிப்பது அந்தப் பக்கத்துக்குத்தான்.

ஒரு பதிப்பாளர் புத்தகத்தை விரும்பினார். ஆனால் படங்களில் பகவதியின் கண்களைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும், முடிவில் அவள் ஏதாவது போட்டியில் ஜெயிக்க வேண்டும் என்றார். அக்கா படங்களைப் பைக்குள் எடுத்து வைத்தபடியே, "அவ கண்ணு அப்படித்தான் சார் இருக்கும். ஜெயிச்சாத்தான் சேத்துக்குவோம்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்க நான் எழுதலை" என்றார். வேறொருவர் அப்படியே வெளியிட்டார். 'பகவதிக்கு நேரமாகும்' தமிழிலும் மலையாளத்திலும் வந்தது.

பள்ளி பள்ளியாகப் போனோம். அக்கா வாசிக்க, பகவதி பக்கங்களைப் புரட்டுவாள். நகரத்துப் பள்ளி ஒன்றில் ஒரு பையன் எழுந்து, "இது பகருமோ?" என்று கேட்டான். தொற்றிக்கொள்ளுமா என்பது அவன் கவலை. பகவதி அவனிடம் போய்க் கையை நீட்டி, "தொட்டுப் பாரு" என்றாள். அவன் தொட்டான். தன் கையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டான். வகுப்பு மொத்தமும் வரிசையில் வந்து நின்றுவிட்டது.

மலைமேலுள்ள போனக்காட்டில், தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு வாசித்த நாளைத்தான் மறக்க முடியாது. வாசித்து முடித்ததும் பின்வரிசைச் சிறுமி ஒருத்தி பகவதியிடம், "உங்க அம்மா செத்துப்போயிட்டா நீங்க யாரு கூட இருப்பீங்க?" என்று கேட்டாள். ஆசிரியை அதட்டினார். எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த அக்கா அன்று புத்தகத்தைப் பைக்குள் எடுத்து வைக்கத் தொடங்கினார். பகவதி அந்தச் சிறுமியிடம் திரும்பினாள்.

"எங்க வீட்லதான் இருப்பேன். சாவி என்கிட்டதான் இருக்கு."

திரும்பும்போது கல்லாறு பக்கமாக வந்து, ஒரு தேநீர்க் கடை முன்னால் வண்டியை நிறுத்தினோம். பகவதி ஆற்றங்கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா மெல்லச் சொன்னார்: "இவ போன பிறகு ஒரு நாளாவது நான் இருக்கணும்னு தினமும் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன். யோசிச்சுப் பாரு, பெத்த பிள்ளைக்குச் சாவு கேக்குற வேண்டுதல் அது. இனி கேக்க மாட்டேன்."

அதன் பிறகுதான் இரண்டாவது புத்தகம். அதில் அம்மா ஊருக்குப் போகிறாள், பகவதியும் தம்பியும் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். பொய்யாக எழுத அக்காவுக்கு வராது. ஆகவே உண்மையிலேயே நாகர்கோவிலில் தங்கை வீட்டுக்குப் போனார். முதல் முறை அன்று மாலையே அலறியடித்துத் திரும்பி வந்துவிட்டார். வீட்டில் பகவதி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுக்குள்ள ஏன் வந்தே?" என்று கேட்டாளாம். அடுத்த முறை ஒரு வாரம் தங்கினார். தினமும் பகவதியிடமிருந்து ஒரு போன் வரும். "சோறு குழைஞ்சு போச்சு. சாப்பிட்டாச்சு. வைக்கேன்." அக்கா இதை அவள் குரலிலேயே சொல்லிக் காட்டிச் சிரிப்பார். தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தவர்களின் சிரிப்பு அது.

பகவதி இப்போது கரமனையில் ஒரு பேக்கரியில் ரொட்டிப் பொட்டலம் கட்டுகிறாள். அக்காவுக்கு நோய் முற்றியபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று சுப்பு, "அவளை நான் பாத்துக்கிடுதேன் அம்மா" என்றான். அக்கா திருத்தினார்: "ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிடுங்க."

வியாழக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது வீடு நிறைய உறவினர்கள். "இனி இந்தப் பிள்ளைக்கு யாரு?" என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் அக்காவுக்கு உடுத்த அலமாரியிலிருந்து பட்டுப்புடவையை எடுத்தார்கள். பகவதி அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, வெளுத்துப்போன நீலப் பருத்திப் புடவை ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"அம்மாவுக்குப் பட்டு குத்தும்."

எல்லோரும் சுப்புவைப் பார்த்தார்கள். "அவ சொன்னபடி செய்யுங்க" என்றான் அவன்.

அக்காவை எடுத்தபோது பகவதி தெருவே திரும்பிப் பார்க்க வாய்விட்டு அழுதாள். தாயை இழந்த மகள் அழுவது போலத்தான் அழுதாள். யாரும் அவள் வாயைப் பொத்தவில்லை. சாயங்காலம் முகம் கழுவி வந்து தம்பிக்குத் தட்டு வைத்தாள், தனக்கும் வைத்துக்கொண்டாள். இருவரும் சுவரில் சாய்ந்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

நீங்கள் பயந்த அந்த நாளை நான் பார்த்துவிட்டேன் அக்கா. நீங்கள் கவலையில்லாமல் உறங்கலாம்.