அக்கா விட்டுக்கொடுத்த மெஷின்

என் மனைவி வீட்டு ஆட்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. என் கல்யாணத்தன்று, "மாப்பிள்ளையோட அக்கா என்ன பண்றாங்க?" என்று யாரோ கேட்க, பெரிய மச்சான் எல்லார் காதிலும் விழும்படி, "பீயப் பாத்துச் சம்பளம் வாங்குறாங்க" என்றான். சாப்பிட உட்கார்ந்திருந்த கூட்டமே சிரித்தது.

"பாக்குறதோட சரி தம்பி, உங்கள மாதிரி வாயில வச்சுக்கிறதில்ல" என்றாள் அக்கா. அவள் அதோடு மறந்துவிட்டாள். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

அக்கா ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். மலத்தில் புழு முட்டை இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. கரைத்து வடிகட்டிக் குழாயில் ஊற்றி மெஷினில் சுழற்றினால் முட்டையெல்லாம் அடியில் தங்கும். அந்த மண்டியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். மெஷின் கிழடு. அது ஓடினால் மேஜையே நடக்கும். அக்கா ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். புதுசு கேட்டுக் கேட்டு நாக்குத் தேய்ந்ததுதான் மிச்சம்.

புதிதாக வந்த டாக்டர் வேறொரு முறையைச் சொன்னார். அதற்கு மெஷினே வேண்டாம். மலத்தைச் சலித்து ஸ்லைடில் வைத்து, கிளிசரினில் ஊறிய செல்லோஃபேன் தாளால் மூடி அழுத்தினால் போதும். "ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துடுவோம்மா. உங்க முறை ஜெயிச்சா புது மெஷின்" என்றார்.

செங்கல் சூளை ஆட்களிடம் மாதிரி வாங்கினார்கள். வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்கிறவர்கள். கொக்கிப்புழு பாதம் வழியாகத்தான் ஏறும். டப்பாக்களை என் வேனில்தான் ஏற்றி வந்தேன்.

அக்கா ஜெயித்தாள். மெஷின் முறையில் கொக்கிப்புழு முட்டை நிறையப் பேரிடம் தெரிந்தது. தாள் முறையில் ஒன்றிரண்டு பேரிடம்தான். டாக்டர் மெஷினுக்கு எழுதுவதாகச் சொல்லிவிட்டார்.

அன்று வேனில் ஏறியவள் உம்மென்று வந்தாள்.

"என்னக்கா, மெஷின் வருதுன்னா மூஞ்சி இப்படியா இருக்கும்?"

"அந்தக் கொக்கிப்புழு முட்டைக்கு ஓடு ரொம்ப மெலிசுடா. கிளிசரின் ஏற ஏறக் கண்ணாடி மாதிரி ஆகி, கண்ணுக்கே தெரியாமப் போயிடும். தாள் போட்ட கையோட பாத்துடணும். நான் தினமும் என் குழாயத்தான் முதல்ல பாத்தேன். அது என் செல்லமாச்சே! அத முடிச்சுட்டுத் தாள் போட்ட ஸ்லைடுகிட்ட வர்றதுக்குள்ள எல்லாம் மறைஞ்சிருக்கும்."

"யாருக்குத் தெரியப்போகுது? பேசாம மெஷின வாங்கிப் போடு."

"மெஷினுக்கே வழியில்லாத ஆஸ்பத்திரி எத்தன இருக்கு! நம்ம கணக்கப் பாத்துட்டு அவங்க இந்தத் தாளயும் தூக்கிப் போட்டுட்டா, அங்க இருக்கிற பிள்ளைங்க கதி?"

மறுநாள் டாக்டரிடம் சொல்லிவிட்டாள். அவர் தலையைச் சொறிந்தாராம். "ஜெயிச்ச ஆட்டத்த யாராவது திருப்பி ஆடுவாங்களாம்மா?"

"ஒருத்தனக் கட்டிப் போட்டுட்டு இன்னொருத்தன ஓட விட்டேன் சார். அதுக்குப் பேரு ஜெயிக்கிறதா?"

அவரும் ஒத்துக்கொண்டார். இந்தத் தடவை புதிதாக மாதிரி வாங்கி, தாள் போட்ட ஸ்லைடைத்தான் உடனே பார்ப்பாளாம். மெஷின் கைநழுவிப் போனாலும் போகும். போகட்டும். அந்த லேபில் என் அக்கா நிற்கிறாள் என்பதே எனக்குப் பெருமை. மச்சான் வீட்டில் இப்படி ஒரு ஆளைக் காட்டட்டும், பார்க்கலாம்.

நேற்று புது டப்பாக்களோடு சூளைக்குப் போனேன். அங்கே மண் மிதிக்கிற அம்மா ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஒரு தடவ குடுத்தாச்சுல்ல? எங்களது மட்டும் என்ன இளக்காரமா? நீ குடுத்திருக்கியாய்யா?"

காலி டப்பாக்களோடு திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஒரு டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாள்.

"நியாயமாத்தானே கேக்குறாங்க? காலைல உன்னோடத இதுல எடுத்துக்கடா. சூளைல எல்லாரும் பாக்க உன் பேர எழுதி, டப்பா அடுக்குற பெட்டியில முதல்ல நீ வை. அப்புறம் அவங்களக் கேளு."