யார் லைனை உறிஞ்சியது

எங்கள் வீட்டு ரௌட்டருக்குள் நுழைந்து அதன் செட்டிங்கை மாற்ற எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

அப்போது நான் கிள்ளானில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அத்தானுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. நான் வாரநாள்களில் ரயில் பிடித்து பிரிக்பீல்ட்ஸ் போய் ஒரு போட்டோஸ்டேட் கடையில் வேலை பார்த்தேன். அந்த வரிசையில் இருந்த கடைக்காரர்கள் எல்லாம் என்னை 'போஸ்', அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவார்கள். "போஸ், புதுப்படம் வந்துருச்சா?" என்று ஹார்ட் டிஸ்கை நீட்டுவார்கள். சனி ஞாயிறில் படங்களை இறக்கி, திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பேன். திருட்டு வேலைதான். தெரிந்தேதான் செய்தேன். ஆனால் நான் சொல்ல வந்த வெட்கம் அதுவல்ல.

அந்தப் படங்கள் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. ஊர் உலகத்தில் யார் யார் கணினியிலிருந்தோ துண்டு துண்டாக வந்து சேரும். வீட்டு ரௌட்டரில் ஃபயர்வால் என்று ஒரு காவல்காரன் உண்டு, வெளியாள் யார் வந்து தட்டினாலும் திறக்க மாட்டான். அதில் போர்ட் என்கிற வாசல் ஒன்றை மட்டும் திறந்துவிட்டால் துண்டுகள் சரசரவென்று உள்ளே வரும். இதை இணையத்தில் படித்துப் படித்து நானே கற்றுக்கொண்டேன். அதோடு விட்டேனா? எந்தக் கருவிக்கு இணைய லைன் முதலில் போகவேண்டும் என்று ரௌட்டரில் ஒரு பட்டியல் போடலாம். என் கணினியை முதலில் வைத்தேன். ஹாலில் இருந்த டிவியைக் கடைசியில் வைத்தேன். அத்தான் பந்து ஆட்டம் பார்க்கும்போது படம் நின்று நின்று வரும். "மழை அத்தான், அதான் லைன் ஸ்லோ" என்பேன். வெளியே வெயில் கொளுத்தும். அவர் பாவம், ஷிப்ட் முடிந்த களைப்பில் சரி சரி என்பார்.

அக்கா அந்த வருடம்தான் லைவில் புடவை விற்க ஆரம்பித்திருந்தாள். சனிக்கிழமை மதியம் ஹாலில் ஒரு பொம்மைக்குப் புடவை கட்டி, போன் முன்னால் நின்று ஒவ்வொன்றாக விரித்துக் காட்டுவாள். பார்க்கிறவர்கள் அங்கேயே எழுதி ஆர்டர் கொடுப்பார்கள். அந்தப் பொம்மையைக் கொடுத்தது பக்கத்து வீட்டு ராத்தா. அவர்கள் முஸ்லிம் குடும்பம், பரம்பரையாகத் துணி வியாபாரம். அவர்கள் வீட்டில் மூத்த சகோதரியை ராத்தா என்பார்கள், அக்காவும் அப்படியே கூப்பிட, எனக்கும் ராத்தா ஆகிவிட்டார். முந்தானையை எப்படி மடித்தால் கரை எடுப்பாகத் தெரியும் என்று அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். சனிக்கிழமை லுஹர் என்கிற மதியத் தொழுகையை முடித்துவிட்டு வருவார், போனைப் பிடித்துக்கொள்வார். ஒவ்வொரு புடவையும் விரியும்போது, "மாஷா அல்லாஹ், என்ன அழகு" என்று மெல்லச் சொல்வார். அழகான ஒன்றைப் பார்த்தால் கண் பட்டுவிடாமல் இருக்க அவர்கள் சொல்லும் வார்த்தை அது. லைவில் அந்தக் குரலும் கேட்கும். அந்தக் குரலைக் கேட்கவே சிலர் வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை என் படம் மெதுவாக இறங்கியது. எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே, உடனே ரௌட்டரைத் திறந்து யார் யார் லைனில் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். என் கணினி, டிவி, அக்காவின் போன், அத்தானின் போன், எல்லாம் பெயரோடு இருந்தன. கீழே ஒன்று மட்டும் 'அன்நோன்' என்று பெயரில்லாமல் இருந்தது. அதுதான் லைனை அதிகம் இழுத்துக்கொண்டிருந்தது. அடுத்த சனிக்கிழமையும் பார்த்தேன். ராத்தா வந்த கொஞ்ச நேரத்தில் அது வந்தது, அவர் போன பிறகு போய்விட்டது.

ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அந்தப் பெயரில்லாத கருவிக்குச் சொட்டுச் சொட்டாக மட்டும் லைன் போகும்படி கட்டுப்பாடு போட்டேன். அன்று மாலை சோறு போட்டுச் சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னேன்.

"பக்கத்து வீட்டுல யாரோ நம்ம லைன உறிஞ்சுறாங்க லா. அந்தம்மா வர்ற நேரத்துலதான் வருது. வைஃபை பாஸ்வேர்ட அவங்க கிட்ட குடுத்தியா?"

"ஒரு தடவ கேட்டாங்கன்னு சொன்னேன். அவங்க அப்படிப் பண்ண மாட்டாங்கடா."

"நான் என்ன பொய்யா சொல்றேன்? ரௌட்டர்ல இருக்கு."

ரௌட்டரில் இருக்கிறது என்றால் அதற்கு மேல் அக்காவால் என்ன பேச முடியும்?

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் லைவ் படுத்துவிட்டது. அக்கா புடவையை விரிப்பாள், படம் உறைந்துபோகும். 'லைன் இல்லையா கா' என்று எழுதிவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பிப் போவார்கள். ராத்தா "மாஷா அல்லாஹ்" என்று வாய் திறந்த நேரமாகப் பார்த்து இரண்டு தடவை நின்றது. அக்காவின் மனசில் நான் போட்ட விதை அங்கேதான் முளைத்தது. லைனைத் திருடுகிறவர் என்றது போய், கண் வைக்கிறவர் என்று ஆகிவிட்டது. உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினாள். கடைசியில் ஒரு நாள் கேட் பக்கத்திலேயே நின்று, "இனிமே நானே பாத்துக்கறேன், நீங்க செரமப்பட வேணாம்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டாள். ராத்தா என்ற வார்த்தை அதில் இல்லை.

அடுத்த சனிக்கிழமை ராத்தா வரவில்லை. ரௌட்டரில் அந்த அன்நோன் மட்டும் வந்து உட்கார்ந்திருந்தது.

மாடியிலிருந்து இறங்கி வந்தேன். லைவ் தொடங்குமுன் அக்கா தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போயிருந்தாள். தாங்கியில் இருந்தது லைவுக்கென்றே அவள் வாங்கிய புதுப் போன். சனிக்கிழமை மட்டும்தான் அதைப் போடுவாள். புதுப் போன்கள் தங்கள் உண்மையான அடையாள எண்ணை மறைத்து வேறொரு எண்ணைக் காட்டும், பெயரும் தெரியாது. அந்த எண்ணை ரௌட்டரில் பார்த்த எண்ணோடு ஒப்பிட்டேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை. என் அக்காவின் வியாபாரத்தின் கழுத்தை நானே நெரித்துக்கொண்டிருந்தேன்.

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. மேலே போய்க் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன், அவ்வளவுதான். அன்று லைவ் ஒரு தடவைகூட நிற்கவில்லை. முடிந்ததும் அக்கா மூச்சு விட்டுக்கொண்டு சொன்னாள், "பாத்தியா? அவங்க வராததும் எப்படி ஓடுது."

நான் தலையை ஆட்டினேன். கோழை என்றால் வேறென்ன? என் சாமர்த்தியம் போய்விடுமே என்ற பயம்தான்.

ஒரு மாதம் கழித்து ராத்தா என்னை வேலிப் பக்கம் கூப்பிட்டார். தன் போனை நீட்டினார். "தம்பி, நான் வந்தப்பல்லாம் லைவ் நின்னுச்சு, தெரியாம உங்க லைன்ல நுழைஞ்சுட்டேனான்னு பாருங்க. அக்கா என் மேல வருத்தமா இருக்காங்க." பார்த்தேன். பாஸ்வேர்ட் கேட்டு வாங்கியிருந்தும், எங்கள் வைஃபையோடு அந்தப் போன் ஒரு நாளும் சேர்ந்ததே இல்லை. "ஒண்ணும் இல்ல ராத்தா, இப்ப சரியாயிடுச்சு" என்றேன். ஏதோ அவர் செய்ததை நான் சரிபண்ணிவிட்டது போல. அவர் எனக்கு நன்றி சொன்னார். பிறகு மகளின் கல்யாணம் நிச்சயமாகி பந்திங் பக்கம் குடிபோய்விட்டார்கள்.

இதை அக்காவிடம் சொல்ல எனக்கு நாலு வருடம் ஆனது. போன தீபாவளி சமயம், பழைய பொம்மைக்குப் புடவை கட்டிக்கொண்டே அக்கா, "அந்தம்மா கண்ணு மட்டும் படாம இருந்திருந்தா" என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் திட்டவில்லை. புடவையை அப்படியே கீழே விட்டுவிட்டு, "காடியை எடு, பந்திங் போவோம்" என்று கார் சாவியை நீட்டினாள்.

பந்திங்கில் ராத்தா கதவைத் திறந்ததும் அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். பேச வேண்டியது நான்தான். போர்ட், ரௌட்டர், அன்நோன் என்று திக்கித் திக்கிச் சொன்னேன். ராத்தா கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப என் கண்ணு இல்லையா தம்பி?"

"இல்ல ராத்தா. நான்தான்."

அவர் சுவரைப் பார்த்தார். மகளின் கல்யாணப் படம் அங்கே மாட்டியிருந்தது. சிவப்புப் பட்டும் மல்லிகையுமாக அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வாசல்ல எலுமிச்சம்பழத்தப் பாத்ததும், உங்க அக்கா மட்டும் இல்ல, நானும் அப்படித்தான் நெனச்சுட்டேன். என் கண்ணுல ஏதோ இருக்குன்னு. கல்யாணத்தன்னிக்கு எம்மக வந்து நின்னு, எப்படிம்மா இருக்குன்னு கேட்டா. நான் பாக்கவே இல்ல தம்பி. தலையக் குனிஞ்சுக்கிட்டு, நேரமாச்சு போம்மான்னு சொல்லிட்டேன்."

பிறகு எழுந்து போய் அந்தப் படத்தின் முன்னால் நின்று, முந்தானை மடிப்பிலிருந்து தொடங்கி முகம் வரைக்கும் மெதுவாகப் பார்த்தார். நாங்கள் கேட்கும்படி அவர் எதுவும் சொல்லவில்லை, உதடுகள் மட்டும் அசைந்தன.