பாதிச் சால்

அறுபதுகளில், அன்னவாசல் பக்கம் மின்கம்பம் நட இடம் அளக்கப் போனபோது, மாடு கட்டிக் கிணற்றிலிருந்து கவலையில் நீர் இறைத்துக்கொண்டிருந்த ஒரு விவசாயியைப் பார்த்தேன். மெலிந்த உடம்பு, தொடையில் வடம் அழுத்திய தழும்பு. மாடுகள் சரிவில் இறங்கும்போது வடத்தின் மேல் தாவி உட்காருவார். நிறைந்த தோல் சால் மேலேற அந்தப் பாரம் வேண்டும். ஆனால் அன்று கிணற்றில் நீர் இறங்கிப்போய்ப் பாதிச் சால்தான் வந்தது. பக்கத்துப் பண்ணையாரின் கிணற்றில் கரண்ட் மோட்டார் ஓடியது. அதற்கு லைன் இழுத்தவனும் நான்தான். இப்போது அந்தப் பண்ணையாருடைய இரண்டாவது மோட்டாருக்காக வந்திருந்தேன்.

“நீங்களும் ஒரு மோட்டார் போட்டுக்கலாமே?” என்றேன்.

மாட்டை நிறுத்திவிட்டு என்னை முறைத்தார். “மாடு களைச்சு நிக்கிற நேரத்துல கெணறு ஊறிக்கிரும் சார். ஒங்க மோட்டாரு எப்பக் களைக்கும்? அதச் சொல்லிட்டு எங்கிட்டு வேணும்னாலும் போஸ்ட்டு நடுங்க!”

நான் அவர் வரப்பிலேயே கம்பத்துக்கான அடையாள முளையை அடித்தேன். என்ன மனிதன் நான்! பின்னால் வடம் முறுகும் சத்தம் கேட்டது. பாரமே தேவைப்படாத அந்தப் பாதிச் சாலுக்கு அவர் மறுபடியும் தாவி உட்கார்ந்திருந்தார்.