சிட்லபாக்கத்தில் மூன்று பனைமரங்களைத் தேடி

கல்லறைத் திருநாள் வந்தால் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கிளம்புவார்கள். அப்பாவின் கல்லறைக்கு அம்மாவும் வருவார். முதல் பிள்ளைக்கு எங்கே போவது என்றுதான் அவருக்குத் தெரியாது. எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் அவன். இரண்டாம் நாளே போய்விட்டான். ஞானஸ்நானம் ஆகாத குழந்தைக்கு அந்தக் காலத்தில் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. பெயரும் வைக்கவில்லை. அப்பா தூக்கிக்கொண்டு போய்ச் சிட்லபாக்கம் ஏரிக்கரைக்குக் கீழே புதைத்துவிட்டு வந்தார். பிள்ளை பெற்ற உடம்பு என்று அம்மாவை யாரும் அழைத்துப் போகவில்லை. "கிணத்துக்குப் பக்கத்துல, மூணு பனைமரம்" என்பதுதான் அப்பா அவரிடம் சொன்ன மொத்த விலாசம்.

போன மாதம், அந்தக் காலத்து நில அளவை வரைபடம் ஒன்று இணையத்தில் கிடைத்தது. இந்த மாதிரி வரைபடங்களில் கிணறு, கோயில், பனைமரம் எல்லாம் குறித்திருப்பார்கள். ஏரிக்கரைக்குக் கீழே கிணற்றுக்கான ஒரு நீலப் புள்ளி, அதை ஒட்டிப் பனைமரக் குறி. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அட்சரேகை, தீர்க்கரேகையைப் படித்துக் கைபேசியில் போட்டு, மறுநாளே அம்மாவைக் கிளப்பிவிட்டேன். அவசரக்குடுக்கை என்று அம்மா என்னைச் சும்மாவா சொல்கிறார்?

நாங்கள் இருக்கும் சிறுசேரியிலிருந்து காலை ஏழு மணிக்கு டாக்ஸி. மேடவாக்கம் வழியாக இருபத்திரண்டு கிலோமீட்டர், ஒரு மணி நேரம், அறுநூறு ரூபாய். (ரயிலில் வருகிறவர்கள் தாம்பரம் சானடோரியத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்.)

"லொகேஷன் இங்கதான் காட்டுது மேடம். ஆனா வூடு ஒண்ணுதான் கீது," என்றார் ஓட்டுநர்.

மாடி வீடு. நெற்றியில் விபூதியோடு ஒரு பெண் கேட்டைத் திறந்து, "யாரைப் பாக்கணும் ஆன்ட்டி?" என்று கேட்டார்.

"என் புள்ளைய இங்க புதைச்சிருக்கும்மா. அதான் பாக்க வந்தேன்," என்றார் அம்மா.

வாசலில் வந்து இப்படிச் சொன்னால் யார் சும்மா இருப்பார்கள்? அந்தப் பெண் உள்ளே நின்ற ஸ்கூட்டரை நகர்த்திவிட்டு, ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். "உக்காருங்கம்மா. எவ்ளோ நேரம் வேணா இருங்க."

அம்மா உட்காரவில்லை. குனிந்து தரையைத் தொட்டு, "அமலன்" என்றார். "உன் பேரு அமலன்டா. அப்பவே நெனச்சு வெச்சிருந்தேன்." அப்படி ஒரு பெயர் இத்தனை வருடம் அவருக்குள் இருந்தது எனக்கே தெரியாது. அழுதுவிட்டேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து, இந்தப் பதிவில் போடலாம் என்று பழைய வரைபடத்தை இன்றைய படத்தின்மேல் பொருத்திப் பார்த்தேன். பழைய வரைபடத்தின் தண்டவாளம் இன்றைய படத்தில் பக்கத்துத் தெருவில் ஓடியது. ஏரியும் நகர்ந்திருந்தது. பழைய வரைபடத்தின் தீர்க்கரேகைக் கணக்கு வேறு, கைபேசியின் கணக்கு வேறு; அப்படியே போட்டால் நம் பக்கத்தில் ஏறக்குறைய நூற்றறுபது மீட்டர் கிழக்கே தள்ளி விழும். தாளில் அது மூன்று மில்லிமீட்டர்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போனேன். கணக்கைத் திருத்திப் பார்த்த சரியான இடத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர், பக்கத்தில் குப்பைத்தொட்டி.

நீங்களும் இப்படிக் கிளம்புவதாக இருந்தால், எண்களை மட்டும் நம்பாதீர்கள். ரயில் பாதை, ஏரிக்கரை, பழைய கோயில் என்று இன்னும் அதே இடத்தில் இருப்பவற்றைப் பொருத்திப் பாருங்கள். முதலில் தனியாகப் போய்வாருங்கள். அந்த இடத்துக்காகக் காத்திருப்பவரை அப்புறம் கூட்டிப்போங்கள். நான் தலைகீழாகச் செய்துவிட்டேன்.

அம்மா இப்போது எல்லாருக்கும் போன் போட்டு, "அமலனைப் பாத்துட்டு வந்தேன்" என்கிறார். அந்த வீட்டுப் பெண்ணும் எப்போது வேண்டுமானாலும் வரச் சொல்லியிருக்கிறார். டிரான்ஸ்பார்மரைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று அங்கே நின்றபோது, நானாவது அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். ஆனால் முதல்முறை அதை அவன் அம்மாவின் குரலில் அல்லவா கேட்க வேண்டும்? பேசாமல் திரும்பி வந்துவிட்டேன்.