‘சுவர்’ என்று தேடினால்

அறிவுமதிக்கு நாற்பது வயது. செஞ்சி பஜாரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் தனியாகக் குடியிருக்கிறாள். படுக்கையில் விழுந்த நைனாவைப் பார்த்துக்கொள்ளச் சென்னையிலிருந்து வந்தவள். அவர் போய் இரண்டு வருடமாகிறது. திரும்பிப் போக ஒரு காரணமும் கிடைக்கவில்லை. வேலையும் லேப்டாப்பிலேயே நடந்துவிட்டது.

கம்பெனி பெங்களூரில். கட்டட வேலைகளுக்கான வெப் அப்ளிகேஷன் அவர்களுடையது. எந்த சைட்டில் என்ன வேலை, யார் பொறுப்பு, எதுவரை வந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் பதிவாகும். தினமும் காலையில் மீட்டிங். தன் முறை வந்ததும் அறிவுமதி மைக்கைத் திறந்து இரண்டு வரி சொல்லிவிட்டு மூடுவாள். சில நாட்களில் அவள் வாய்விட்டுப் பேசியதே அந்த இரண்டு வரிதான்.

பிப்ரவரியில் டீம் லீடர் கமலேஷ், தேடும் வசதியைச் சீர்செய்யும் வேலையை அவளிடம் கொடுத்தான். பழைய தேடல் பதிவு பதிவாகப் படித்துப் பார்த்து, பதில் சொல்வதற்குள் ஆட்கள் வெறுத்துப்போனார்கள். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அதுபோல டேட்டாபேஸே எல்லாச் சொற்களையும் பிரித்து முன்கூட்டியே அட்டவணை போட்டுக்கொள்ளும்படி அவள் செய்தாள். இங்கிலீஷில் எதைத் தேடினாலும் கண்மூடித் திறப்பதற்குள் வந்தது.

அடுத்த வாரமே புகார் வந்தது. பனமலையில் தண்ணீர்த் தொட்டி கட்டும் சைட்டின் சூப்பர்வைசர் சின்னப்பொண்ணு எழுதியிருந்தாள்: ‘சுவர்னு தேடுனா ஒண்ணும் வரல.’ கீழே போன் நம்பர். அறிவுமதி கூப்பிட்டாள்.

“அக்கா, பதிவுல நீங்க எப்படி எழுதி வெச்சிருக்கீங்க?”

“செவுத்துல வெடிப்புன்னு. நாங்க பேசறத அப்படியே போடுவோம். அதுக்கு இன்னாம்மா?”

“செவுருன்னாலும் சுவர்னாலும் ஒண்ணுதான்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாதுக்கா. நாமதான் சொல்லிக் குடுக்கணும்.”

“அப்ப நான் சொல்றேன், எழுதிக்க.”

அன்றிலிருந்து தினமும் மதியம், ஆட்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில், சின்னப்பொண்ணு போன் செய்தாள். ஒழுவுது, கசியுது, லீக்கு எல்லாம் ஒன்று. கொழா, பைப்பு, குழாய் ஒன்று. அறிவுமதி ஒவ்வொன்றையும் இணைச்சொல் பட்டியலில் ஏற்றினாள். சொற்கள் தீர்ந்ததும் பேச்சு வேறு பக்கம் போகும். ஒருநாள் சின்னப்பொண்ணு கேட்டாள்:

“வூட்ல யாரும்மா இருக்காங்க?”

“நான் மட்டுந்தான்க்கா.”

“அய்யய்யோ, தனியா ஒக்காந்தா சோறு எறங்குதா?”

அறிவுமதி சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு மதியத்துக்குள் சமையலை முடித்து வைத்தாள். தேவைப்படாத சொற்களுக்கும் விளக்கம் கேட்க ஆரம்பித்தாள். சாரத்துக்கு வேறு பேர் உண்டா, சல்லடையை எப்படிச் சொல்வார்கள் என்றெல்லாம்.

மார்ச் கடைசியில் முந்நூற்றுச் சொச்சம் சொற்களோடு வேலை முடிந்தது. ‘சுவர்’ என்று அடித்தால் செவுரு, செவுத்துல, சுவரில் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கமலேஷ் பாராட்டினான். ஏழெட்டுப் பேர் சாட்டில் கைதட்டும் பொம்மையை அனுப்பினார்கள்.

மறுநாள் மதியம் போன் வரவில்லை. அதற்கடுத்த நாட்களிலும் வரவில்லை. நான்காம் நாள் அறிவுமதியே கூப்பிட்டாள். பின்னால் கலவை மிஷின் இரைந்தது.

“தேடறது நல்லா வருதாக்கா?”

“சூப்பரா வருதும்மா! அடிச்ச ஒடனே வருது. ஒரு கொறையும் இல்ல. இன்னா விசயம், சொல்லு.”

விஷயம் ஒன்றும் இல்லை. “சும்மாதான்க்கா.”

“காங்கிரீட் போட்டுனு இருக்கறோம். அப்பறம் பேசறேன்.”

அந்த ‘அப்பறம்’ வரவேயில்லை. அதற்காக அறிவுமதிக்கு அவள்மேல் கோபமும் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் பனமலைக்கு பஸ் ஏறினாள். தொட்டி எழும்பி நின்றது. பூச்சு இன்னும் ஆகவில்லை. சுவரில் ஈரச் சாக்கு தொங்கியது. வாட்ச்மேன் கன்னியப்பன் எழுந்து வந்தார்.

“சின்னப்பொண்ணா? அவங்கள வந்தவாசி சைட்டுக்கு மாத்திட்டாங்களே. நேத்துதான் போனாங்க. நீ அவங்களுக்கு இன்னா வேணும்?”

அறிவுமதி கொஞ்சம் யோசித்தாள். “கூட வேலை செஞ்சவ.”

“போன் போட்டுத் தரட்டா?”

“வேணாங்க.”

செஞ்சி பஸ் வர ஒரு மணி நேரமாகும் என்றார் அவர். அவள் ஏரிக்கரைப் பக்கம் நிழல் பார்த்து உட்கார்ந்தாள். பஸ் வந்தபோது கூட்டமில்லை; ஜன்னலோரமே இடம் கிடைத்தது.