பராக்கு கேட்ட கேள்வி

வீட்டில் அவளுக்குப் பராக்கு என்றுதான் பெயர். தட்டில் கை வைத்தபடியே மனசு ஜன்னல் வழியாக வெளியே போய்விடும். ஐந்து வயதில் ஒட்டிக்கொண்ட பெயர், பட்டம் வாங்கிய பிறகும் உதிரவில்லை. தாவரவியல் முடித்து ஒரு வருஷம் சும்மா இருந்தவளை, படித்த பல்கலைக்கழகமே மூன்று மாதத் தற்காலிக வேலைக்கு எடுத்துக்கொண்டது. மாணவர் தொடர்பு அலுவலகம். பெயர்தான் பெரிது; வேலை என்னவோ போன் பண்ணுவது.

இடம் கிடைத்தும் வந்து சேராத பிள்ளைகளின் பட்டியல் ஒன்று தருவார்கள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்டு, 'காரணம்' என்ற கட்டத்தில் ஒரு வரி எழுத வேண்டும். ஆளுக்கு இரண்டு நிமிஷம் போதும் என்பார் அலுவலகத் தலைவி. பராக்குவுக்கு இரண்டு நிமிஷம் எந்த மூலைக்கு? பேச்சுக்குப் பின்னால் கேட்கும் சத்தங்களிலேயே அவள் சொக்கிப்போவாள். ஒரு வீட்டில் வாளி நிறையும் சத்தம். இன்னொரு வீட்டில் யாரோ மாடிப்படி ஏறிக்கொண்டே இருப்பார்கள், படி முடியவே முடியாது. அந்த வீடுகளில் எல்லாம் அவள் மனசு போய் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்ளும். அவசரப்படுத்தாத குரல் என்பதாலோ என்னவோ, பயந்துபோயிருந்த பிள்ளைகள் அவளிடம் மனம்விட்டுப் பேசினார்கள். பதினோரு பேர் வந்து சேர்ந்தும் விட்டார்கள். பராக்குப் பார்ப்பதற்கென்றே இப்படி ஒரு வேலை இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

ஆனால் மூன்று மாதம் முடியப்போகிறது. "இன்னும் ஆறு மாசம் நீட்டித் தரேன், அதுக்கு மேல என் கையில இல்ல" என்றுவிட்டார் தலைவி. மாமா தன் இன்சூரன்ஸ் ஆபீசில் நிரந்தர வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதில் சொல்லியாக வேண்டும். அம்மா ஒற்றைக்காலில் நின்றாள்.

"ஊரான் வீட்டுப் பிள்ளைங்க படிச்சா என்ன, படிக்காட்டி என்ன? உன் வழியப் பாருடி."

புதன்கிழமை நல்ல மழை. பராக்கு கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஒரு எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடும் சத்தம். அதில் லயித்து, வழக்கமாக முதலில் கேட்கும் பெயரைக் கேட்கவே மறந்துவிட்டாள்.

"பல்கலைக்கழகத்துலேருந்து பேசறேன். நீங்க ஏன் படிக்க வரல?"

மெஷின் நின்றது.

"நானா?"

"நீங்கதான்."

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சும்மா."

"ஆனா என்னங்க? எத்தனையோ பேர் படிக்கிறாங்களே."

"பகல்ல தையல் வேலை இருக்கு."

"சாயங்கால வகுப்பு இருக்கு."

"எனக்கு நாப்பத்திரெண்டு வயசாகுதும்மா."

பட்டியலில் பதினெட்டு என்று இருந்தது. பராக்கு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லாம் பெயர் கேட்காமல் சொன்ன 'நீங்க' செய்த வேலை. "மன்னிச்சுக்கங்கம்மா, நான் கேட்க வந்தது உங்க பொண்ணை" என்று குழறினாள்.

"புரியுதும்மா. அவ வேற ஊர்ல நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்துட்டா." குரல் கொஞ்சம் தயங்கியது. "இருந்தாலும் நீ கேட்டது நல்லாயிருந்துச்சு. பள்ளிக்கூடத்தோட நின்னவதான். ஏன் மேல படிக்கலன்னு இதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டதில்ல."

காரணம் என்ற கட்டத்தில் பராக்குவால் ஒன்றும் எழுத முடியவில்லை. நேரே தலைவியிடம் போய் வயது வரம்பைக் கேட்டாள். அவர் விதிமுறைப் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினார். "அப்படி எதுவும் போடலியே" என்றார், தனக்கே புதுச் செய்தி மாதிரி. பராக்கு உடனே தையல்காரம்மாவை மறுபடி கூப்பிட்டுச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பெண் நேரிலேயே வந்தார். தோளில் ஒரு நூல் ஒட்டியிருந்தது, பராக்குவுக்கு அதை எடுத்துவிடத் தோன்றவில்லை. குண்டு குண்டான பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில் விண்ணப்பத்தை நிரப்பினார். தொழில் என்ற இடத்தில் 'மாணவி' என்று எழுதிவிட்டு, "அவசரப்பட்டுட்டேனோ?" என்று நிமிர்ந்தார்.

"இல்லங்க, சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்றாள் பராக்கு. வீடு வரைக்கும் அவள் கால் தரையில் பாவவில்லை.

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமா சொன்ன வேலைக்குப் போகமாட்டேன் என்று சொல்லத்தான் பராக்கு வந்தாள். வாயில் வந்ததோ தையல்காரம்மா கதை. அம்மாவின் கை வேகம் குறைந்தது.

"கூட உக்கார்ற சின்னப் பிள்ளைங்க சிரிக்காதா?"

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டுமே."

"வயசுக்கு வரம்பே இல்லியா?"

"இல்லம்மா."

அம்மா திரும்பாமலே கேட்டாள், "நாப்பத்தெட்டுன்னா கூடவா?"

பராக்குவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று மாதமாக முன்பின் தெரியாதவர்களை எல்லாம் கூப்பிட்டுக் கேட்டவளுக்கு, இந்த வீட்டில் கேட்கத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. கண் கலங்கியது, நல்லவேளை வெங்காயம் இருந்தது.

"நீ ஏம்மா மேல படிக்கல?"

அம்மா பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. மாமாதான். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"இல்லண்ணா, அவ வரல. ஆமா, அதே போன் பண்ற வேலைதான்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "சரிண்ணா, அப்புறம் பேசறேன். அவ என்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கா, பதில் சொல்லணும்."

போனை வைத்துவிட்டு, மகளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.